அண்ணா கேட்ட இரண்டு சீசா

1

நான் அமெரிக்காவில் கால் வைத்து இந்த மாசியோடு இருபத்திரண்டு வருஷம் முடிகிறது. இதை யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் பெண் நான்சியிடம் சொன்னேன். "அவ்வளவு வருஷமா ஆச்சு, டாடி?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு நான் வைத்த பெயர் ரங்கநாயகி. பள்ளிக்கூடத்துக் குமாஸ்தாவின் பேனா அந்தப் பெயரில் பாதி தூரம் போவதற்குள் மூச்சு வாங்கி, நான்சி என்று எழுதி உட்கார்ந்துவிட்டது. பதினாறு வயசுப் பெண்ணுக்கு அதுவே சௌகரியமாகவும் இருக்கிறது.

அன்று மத்தியானத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஸ்ரீரங்கம் முத்திரை. எழுதியவர் என் கூடப்பிறந்த அண்ணா. திருச்சினாப்பள்ளிக் கோர்ட்டில் வக்கீல். பதினாலு வருஷத்தில் அவரிடமிருந்து எனக்கு வந்த மூன்றாவது கடிதம் இது. பிரிப்பதற்கு முன்னால் எழுந்துபோய்க் கை அலம்பிக்கொண்டு வந்தேன். அத்தனை மரியாதை.

கடிதத்தின் முக்கியமான பகுதியை அப்படியே தருகிறேன்.

"சிரஞ்சீவி தம்பிக்கு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். நம் ஜில்லாவிலும் மதுவிலக்கு வந்துவிட்டது. உத்தமமான காரியம். நானே மேடையேறி அதை ஆதரித்துப் பேசினேன். நிற்க. என் மார்ச்சளிக்கு டாக்டர் தினம் ஓர் அவுன்ஸ் நல்ல சரக்காக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். யுத்த சமயம் ஏரோட்ரோமுக்குக் காய்கறி சப்ளை செய்த என் கட்சிக்காரர் ஒருவர், அமெரிக்கச் சிப்பாயிடமிருந்து போர்பன் என்ற விஸ்கி ஒரு சீசா வாங்கிவந்து கொடுத்தார். குணம் தெரிந்தது. நீயோ அந்தத் தொழிலிலேயே இருக்கிறாய். போர்பனில் எது நல்லது, எது சுலபமாக அகப்படும், எது அபூர்வம் என்று விவரமாக ஒரு ஜாபிதா எழுதவும். உனக்கு இப்போது பாஸ்போர்ட் கிடைக்கும் என்று கேள்வி. வரும்போது பெட்டியின் அடியில் இரண்டு சீசா வைத்து எடுத்து வா. வந்தால் நம் அகத்துத் திருவாராதனத்துக்கு இரு. பழசையெல்லாம் மறந்து உனக்குத் தீர்த்தம் தருகிறேன்."

படித்து முடித்ததும் கடிதத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். விஸ்கியைத் தொட்ட கைக்குத் தீர்த்தம் கிடையாது என்று பதினாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கு எழுதியவர் இதே அண்ணாதான். இப்போது அதே விஸ்கியில் இரண்டு சீசா கொண்டுவந்தால் அதே தீர்த்தம் உண்டாம். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்!

அண்ணா இந்தப் பத்திரிகையை விளம்பரம் உட்பட வரி விடாமல் படிப்பவர். ஆகவே பதிலை இதிலேயே எழுதிவிடுகிறேன். அவர் பெயரும் இதில் இல்லை, என் பெயரும் இல்லை, வீதியும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் இதைப் படிக்கிற வக்கீல்களில் பத்துப் பேராவது "நம்மைத்தான் சொல்கிறானோ" என்று திடுக்கிட்டால் எனக்குத் திருப்தி.

2

ஜாபிதா கேட்டாரல்லவா, சுலபமாக அகப்படுவதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் இது என்ன வஸ்து என்று தெரிந்துகொள்ளட்டும். போர்பன் என்பது மக்காச்சோளக் கஞ்சியைப் புளிக்க வைத்துக் காய்ச்சி இறக்கின சாராயம். முந்தின தடவை புளித்த கஞ்சியில் கொஞ்சம் எடுத்துப் புதுக் கஞ்சியில் விடுவார்கள், நாம் பாலுக்கு உறை குத்துகிற மாதிரி. புளிக்கிற தொட்டியின் பக்கத்தில் நின்றால் நாலு நாள் திறக்காத பழையதுப் பானைக்குள் தலையை விட்டது போலிருக்கும். காய்ச்சினபின் மிஞ்சுகிற சக்கையை மாட்டுக்கும் பன்றிக்கும் போடுகிறார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கிற நாளில் எங்கள் ஊரில் துணி உலர்த்த மாட்டார்கள். இறக்கும்போது தண்ணீர் மாதிரி இருக்கிற சாராயத்தை, உள்பக்கம் நெருப்பு வைத்துக் கரியாக்கின புது மரப் பீப்பாயில் அடைத்து வருஷக்கணக்கில் தூங்க வைக்கிறார்கள். நிறமும் மணமும் அந்தக் கரிந்த மரம் கொடுப்பது. இதுதான் மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் பேச வைக்கிற அந்த அமிர்தம்.

கம்பெனிப் பெயர்களை எழுத மாட்டேன். நான் ஒரு கிடங்கில் சம்பளம் வாங்குகிறவன். என் கம்பெனியைச் சொன்னால் விளம்பரம், பிறத்தியாரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ். அடையாளம் சொல்கிறேன், போதும்.

எந்தக் கடையிலும் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருப்பது "கலப்பு" என்று சின்ன எழுத்தில் போட்ட சீசாக்கள். யுத்தத்தின்போது சர்க்கார் எல்லாச் சாராயச் சாலைகளையும் வெடிமருந்துக்கு ஸ்பிரிட் காய்ச்சச் சொல்லிவிட்டது. பழைய சரக்கு குறைந்துபோயிற்று. அதனால் கொஞ்சம் விஸ்கியில் நிறைய வெறும் ஸ்பிரிட்டை ஊற்றிச் சாயம் காட்டி விற்கிறார்கள். லேபிளில் குதிரை, கர்னல், மாளிகை என்று எதையாவது அச்சடித்திருப்பார்கள். மோந்து பார்த்தால் புதிதாக வார்னிஷ் அடித்த கோர்ட்டுப் பெஞ்சு வாசனை. அண்ணாவுக்கு அது பழக்கமானதுதான், ஆனாலும் வேண்டாம்.

வாங்கத்தக்கது, மூடியின் மேல் பச்சைக் காகிதம் ஒட்டிய சீசா. சர்க்கார் உத்தியோகஸ்தன் ஒருவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காவல் இருக்கிற கிடங்கில் நாலு வருஷமாவது இருந்து, கலப்படமில்லாமல் வந்த சரக்கு என்பதற்கு அந்தக் காகிதம் அத்தாட்சி. பாதிக்குப் பாதி சாராயம். ஓர் அவுன்ஸுக்கு ஓர் அவுன்ஸ் தண்ணீர் சேர்க்காவிட்டால் மார்ச்சளியோடு மார்பும் போய்விடும். வாசனை: சோளப்பொரி, கொஞ்சம் கருகின வெல்லப்பாகு, அதன் பின்னால் மிளகு.

காரம் ஆகாதவர்களுக்கு இன்னொரு ஜாதி இருக்கிறது. சாதாரணமாகச் சோளத்தோடு ரை என்கிற தானியம் சேர்ப்பார்கள். சிலர் அதற்குப் பதில் கோதுமை சேர்க்கிறார்கள். அது நாக்கில் மெத்தென்று உட்காரும். லேசாக அடிப்பிடித்த ரவா கேசரியின் மணம். முதன்முதலில் தொடுகிறவர்கள் இதில்தான் தொடங்குவார்கள், நாசமாய்ப் போகிறவர்களும் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள்.

இவ்வளவும் எழுதுகிறேனே, இவன் எவ்வளவு குடித்திருப்பான் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. ஒரே ஒரு மடக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

3

உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் நான் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற குமாஸ்தாவாக இருந்தேன். வேலை கடிதம் எழுதுவது. ஆனால் சீக்கிரமே தெரிந்தது, எனக்கு இருந்தது மூக்கு. புகையிலைச் சிப்பத்தைப் பிரித்த மாத்திரத்தில் எந்தப் பக்கத்து இலை, எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். அந்த மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வியாபாரி என்ற பேரில் சுருட்டு மாதிரிகளோடு கப்பலேறி, கடைசியில் புகையிலை விளைகிற இந்தக் கெண்டக்கிக்கு வந்து சேர்ந்தேன்.

புறப்பட்ட அன்று காலை அண்ணாதான் அகத்துப் பெருமாளுக்குத் திருவாராதனம் செய்தார். அப்பா காலமானபின் அது அவர் பொறுப்பு. என் வலது உள்ளங்கையில் உத்தரணிக் கரண்டியால் மூன்று தடவை தீர்த்தம் விட்டார். குடித்துவிட்டு எங்கள் அகத்து வழக்கப்படி கையைத் தலையில் துடைத்துக்கொண்டேன். "போயிட்டு வா. போற எடத்துல கையைச் சுத்தமா வெச்சுக்கோடா" என்றார் அண்ணா. அன்றைக்கு அவர் வெறும் அண்ணாவாக இருந்தார்.

அம்மா ஒரு சின்னச் செம்பில் காவேரி ஜலத்தை விட்டு, மெழுகால் வாயை அடைத்துக் கொடுத்தாள். "ஒடம்பு சரியில்லேன்னா ஒரு சொட்டு நாக்குல விட்டுக்கோ. எல்லாத்தையும் ஒரே நாள்ல குடிச்சுடாதே" என்றாள். ஜட்காவில் காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது அந்தச் செம்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் அமெரிக்காவில் மதுவிலக்கு. துறைமுகத்தில் சாமான்களைச் சோதிக்கிற ஒருவன், மெழுகால் அடைத்த செம்பைக் கண்டதும் திருடனைப் பிடித்தவன் மாதிரி முகம் மலர்ந்தான். "சாராயம்?" என்றான். "ஆற்று ஜலம், என் தாயார் கொடுத்தது" என்றேன். ஆற்று ஜலத்தைக் கடல் தாண்டி ஒருவன் எதற்குக் கொண்டுவருவான் என்பது அவனுக்குப் புரியவில்லை. மெழுகைக் கீறி மோந்து பார்த்தான். ஒரு வாசனையும் இல்லாதது அவனுக்கு இன்னும் சந்தேகமாகப் போயிற்று. தரையில் அப்படியே கவிழ்த்துவிட்டு வெறும் செம்பைக் கையில் கொடுத்தான். ஈரத்தைத் துடைக்க ஒருவனைக் கூப்பிட்டான். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தத் துடைப்பத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சில வருஷங்களில் சட்டம் மாறியது. சாராயம் தர்மமாகிவிட்டது. நான் வேலை பார்த்த புகையிலை மண்டியின் முதலாளி ஹோல்ட், மண்டியை மூடிவிட்டு விஸ்கிக் கிடங்கு திறந்தார். ஊரெல்லாம் வேலையில்லாமல் சூப்புக்கு வரிசை நின்ற காலம். "புகையிலையை மோந்த மூக்கு விஸ்கியை மோக்காதா?" என்று என்னையும் அழைத்துக்கொண்டார். வீட்டில் கைக்குழந்தை, மாட்டேன் என்று சொல்கிற நிலைமையில் நான் இல்லை.

முதல் நாள். ஐந்தடுக்குக் கிடங்கு, பீப்பாய் பீப்பாயாக இருட்டு. ஹோல்ட் ஒரு பீப்பாயின் அடைப்பைத் தட்டி எடுத்து, நீளமான செம்புக் குழாயை உள்ளே விட்டுச் சரக்கை எடுத்தார். "கையை நீட்டு" என்றார். இவர்கள் விஸ்கியை உள்ளங்கையில் விட்டு இரண்டு கையாலும் தேய்த்து மணம் பார்ப்பார்கள். எனக்கு அது தெரியாது. செம்பிலிருந்து ஒருவர் ஊற்ற வருகிறார், நான் குனிந்து நிற்கிறேன். பிறந்து பழகின கை தானாக நீண்டது. வலது உள்ளங்கை தானாகக் குழிந்தது. விட்டார். சத்தமில்லாமல் உறிஞ்சிக் குடித்துவிட்டுக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டேன்.

தொண்டையில் நெருப்பு இறங்கினபிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் வேடிக்கை. இந்தியாக்காரர்களின் ரகசிய முறை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஒரு வாரம் அந்தக் கிடங்கில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் விஸ்கியைத் தலையில் தேய்த்துக்கொண்டு அலைந்தார்கள். ஹோல்ட் தன் வழுக்கையில் தேய்த்துக்கொண்டு, "ஆமாம், வித்தியாசம் தெரிகிறது" என்றார். நான் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கு ஒன்று தீர்மானம் செய்துகொண்டேன். இனிமேல் விஸ்கி என் இடது உள்ளங்கையில்தான். அதே கை விரல்களால் தேய்ப்பேன், அதே கையால் நாக்கில் வைப்பேன், துப்புவேன். வலது கை அண்ணா சொன்னபடி சுத்தமாக இருக்கும். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் ஊருக்குப் போய்த் தீர்த்தத்துக்கு நீட்ட வேண்டிய கை அது. நான்சி குழந்தையாக இருந்தபோது எப்போதும் என் வலது பக்கமாக வந்துதான் கையைப் பிடித்துக்கொள்வாள். இடது கை நாறும் என்பாள்.

4

கிடங்கில் வேலை கிடைத்ததை மறைக்காமல் அண்ணாவுக்கு எழுதினேன். ஒரு மடக்கு விழுங்கினதையும் எழுதினேன். இடது கை, வலது கை விவரத்தையும் எழுதினேன். மூடன்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நாலே வரி. "நீ எழுதியது கிடைத்தது. கள்ளுக்கடையில் நிற்கிறவனுக்கு இடது கை என்ன, வலது கை என்ன? இந்த அகத்துத் தீர்த்தம் இனி உன் கையில் விழாது. இவ்விடம் வர உத்தேசம் வேண்டாம்."

அம்மா எனக்குத் தனியாக எழுத முடியாது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எட்டு வருஷம் கழித்து ஓரத்தில் கறுப்பு மை தடவின கடிதம் ஒன்று வந்தது. யுத்தகாலத் தபால், அம்மா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. வழக்கப்படி கிழித்துப் போட்டுவிட்டு இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் தலைமுழுகினேன். குளிக்கிற அறைக்கு வெளியில் எலன் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

எலன் என் மனைவி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக, பிறந்த மண்ணிலேயே அவள் பிரஜா உரிமை சில வருஷம் பறிபோயிற்று. பிரஜையாக முடியாதவனைக் கட்டிக்கொள்கிறவளும் பிரஜை அல்ல என்று அன்றைய சட்டம். இந்தியர்கள் இங்கே பிரஜையாக முடியாது. நானோ வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. ஆக ஊருக்குப் போகிற வழியில் எனக்கு இரண்டு கதவு சாத்தியிருந்தது. ஒன்றை அமெரிக்க சர்க்கார் சாத்தியது, மற்றதை அண்ணா.

5

சர்க்கார் கதவு முதலில் திறந்தது. யுத்தம் முடிந்து சட்டம் மாறி, இந்தியர்களும் மனு போடலாம் என்றார்கள். போட்டேன். தேகத்தின் நிறம் என்ன என்று ஒரு கேள்வி. மாநிறம் என்பதற்கு இவர்களிடம் வார்த்தை கிடையாது. குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்து, கறுப்பு என்று எழுதிக்கொண்டான். ஊரில் எனக்குப் பெண் பார்த்த காலத்தில் அம்மா "எம் பிள்ளை நல்ல செவப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மனுதாரன் ஒழுக்கமுள்ளவன், குடிகாரன் அல்ல என்று பிரஜைகள் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். ஒருவர் பக்கத்து வீட்டுப் பாதிரியார். மற்றவர் ஹோல்ட். நல்ல மனுஷர், என்மேல் உயிர். விசாரணை அதிகாரி முன்னால் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "இவரைப்போல ஒருவர் கிடைக்க மாட்டார், ஐயா! இந்த மாகாணத்தில் இவர் வாயில் போகாத விஸ்கியே இல்லை!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பின் வரிசையில் எலனும் நான்சியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீர் குடிப்பீரா?"

"மாட்டேன். மோந்து பார்ப்பேன், துப்பிவிடுவேன்."

"பதிமூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட விழுங்கியதில்லை?"

இல்லை என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் உள்ளே வந்தவுடனேயே வலது கையைத் தூக்கச் சொல்லி, உண்மையைத் தவிர வேறு பேச மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். அத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்த கை அது. "ஒரே ஒரு தடவை, தவறுதலாக" என்று ஆரம்பித்து, குனிந்ததையும் குடித்ததையும் தலையில் துடைத்துக்கொண்டதையும் சொன்னேன். அதிகாரி சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "எப்படி, செய்து காட்டும்" என்றார். காட்டினேன், இடது கையால். பெருமாள் சந்நிதியில் நிற்கிற மாதிரி ஒரு சர்க்கார் ஆபீசில் குனிந்து வெறுங்கையை உறிஞ்சினேன். மூன்று பேரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கூசிப்போனேன். வாழ்நாளில் அத்தனை அசிங்கமாக எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

மனு மஞ்சூர் ஆயிற்று. இங்கிலாந்து ராஜாவுக்கு இனிமேல் கட்டுப்பட மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். அந்த ஒரு வரியை மட்டும் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

வெளியே வந்ததும் நான்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநாளாகப் பிடித்ததில்லை. "அவங்க ஏன் சிரிச்சாங்க? அது உங்க சாமித் தண்ணி இல்லையா, டாடி?" என்றாள்.

6

இப்போது அபூர்வமானவை. அண்ணாவின் ஜாபிதா பாதியில் நிற்கக் கூடாது.

மதுவிலக்குக் காலத்தில் டாக்டர் சீட்டு காட்டினால் மருந்துக் கடையில் விஸ்கி கொடுத்தார்கள். அந்தச் சின்னச் சீசாக்கள் சில பழைய வீடுகளின் பரணில் இன்றைக்கும் அகப்படுகின்றன. பெட்டியில் மருந்து என்று அச்சடித்திருக்கும். பீப்பாயில் ஏகப்பட்ட வருஷம் கிடந்ததால் மரத்தின் கசப்பு ஏறியிருக்கும். கடுக்காய்க் கஷாயம் மாதிரி. ஆனால் அபூர்வம். அன்றைக்கு இந்த ஊரில் யாருக்குப் பார்த்தாலும் மார்ச்சளி என்று கிழவர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். அண்ணா இங்கே பிறந்திருக்க வேண்டியவர்.

எல்லாவற்றையும்விட அபூர்வமானது கடைக்கே வராது. பெரிய கிடங்கில் உச்சியில் இருக்கிற பீப்பாய் வெயிலில் காய்ந்து கறுத்துவிடும். அடித்தட்டில் இருப்பது சோம்பேறியாகப் படுத்திருக்கும். நடு அடுக்கில், எப்போதோ ஒன்று எல்லாம் கூடி வரும். பதிமூன்று வருஷத்தில் அப்படி ஒரு பீப்பாயைத்தான் நான் கண்டேன். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏலக்காய், லவங்கம், அதன் அடியில் மெல்லப் பச்சைக் கற்பூரம். கண்ணை மூடினால் எங்கள் அகத்துத் தீர்த்தப் பாத்திரம். என் இடது கையில், சாராயத்தில், அந்த வாசனை! கையைக் கரி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மோப்பப் புஸ்தகத்தில் மட்டும் "மிக உயர்ந்தது" என்று பதிந்தேன். பொய் எழுத மூக்கு இடம் கொடுக்கவில்லை.

பிரஜா உரிமை கிடைத்ததற்காக ஹோல்ட் அந்தப் பீப்பாயிலிருந்து இரண்டு சீசா நிரப்பி எனக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். அலமாரியில் அப்படியே இருந்தன. அண்ணா கேட்டதும் இரண்டு சீசா.

7

கடிதத்தை எலனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் அதை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "உன் அண்ணாவுக்கு வேண்டியது விஸ்கியா, தம்பியா?" என்று கேட்டாள். நான் அண்ணாவுக்கு ஆதரவாக நாலு வார்த்தை சொன்னேன். வயசாகிவிட்டது, வளைந்துகொடுக்க வெட்கம், சீசா வெறும் சாக்காக இருக்கலாம் என்றேன். சொல்லும்போதே என் வார்த்தை எனக்கே நம்பிக்கையாக இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். இரண்டு நாள் அந்தச் சீசாக்களைப் பெட்டியில் வைத்து எடுத்தேன், வைத்து எடுத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? துணிக்கு நடுவில் சுற்றினால் உடையாது. பதினாலு வருஷம் ஏங்கினது மூன்று உத்தரணி ஜலத்துக்கு. அது கிடைக்குமென்றால் இரண்டு சீசா என்ன, ஒரு பீப்பாயையே உருட்டிக்கொண்டு போகலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நிமிஷத்தில் எனக்கு அண்ணாமேல் வந்த அருவருப்பைவிட என்மேல் வந்தது அதிகம்.

மூன்றாம் நாள் சீசாக்களை ஹோல்ட்டிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "உன் அண்ணாவுக்காவது கொண்டுபோய்க் கொடேன், அப்பா. இந்த மாதிரிச் சரக்கு இனிமேல் கிடைக்காது" என்றார்.

"அவருக்குத்தான் கொடுக்கக் கூடாது" என்றேன்.

அன்று சாயங்காலம் நான்சி சமையலறைக்கு வந்தாள். ஊருக்குப் போனால் சாமித் தண்ணீரை எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று காட்டச் சொன்னாள். பழைய காவேரிச் செம்பில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் காட்டினேன். அவள் இடது கையை நீட்டினாள். அவளுக்கு எழுதுவது, பந்து எறிவது எல்லாம் இடது கைதான். மாற்றச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளங்கையைக் குழித்து, சத்தமில்லாமல் குடித்து, தலையில் துடைத்துக்கொண்டு, "சரியா, டாடி?" என்று நிமிர்ந்து பார்த்தாள். சரி என்றேன்.

ஆகவே அண்ணா, தேவரீர் கேட்ட ஜாபிதா மேலே இருக்கிறது. பச்சைக் காகிதம் ஒட்டினது மார்ச்சளிக்குப் போதும். அதை யார் வாங்கிவருவது என்று உங்கள் கட்சிக்காரரைக் கேளுங்கள். கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டேன். ஆடிமாதம் நானும் எலனும் நான்சியும் வருகிறோம். என் பெட்டியின் அடியைத் தடவிப் பார்க்க வேண்டாம். அங்கே அம்மா கொடுத்த வெறும் செம்புதான் இருக்கும்.

நம் அகத்து வாசலில் வந்து நிற்பேன். நீங்கள் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்ன வலது கையை உங்கள் முன்னால் நீட்டுவேன். அதில் ஒன்றும் இருக்காது. வெறுங்கைக்குக் கொடுக்க மனசு வந்தால் கொடுங்கள். வராவிட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டேன். மூன்று பேரும் திரும்பி அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு நடந்துபோவோம். ஆடியில் காவேரி படியேறி வந்திருக்கும். அன்றைக்குத் தரையில் கொட்டின ஜலம் அங்கேதான் ஓடுகிறது. நான் வலது கையால் ஒரு வாய் அள்ளிக்கொள்வேன், என் பெண் இடது கையால் அள்ளிக்கொள்வாள். தலையில் துடைத்துக்கொள்ள எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.